எந்த இடத்தில் முரண்டு பிடித்தது? மலைநாட்டில் பழைய 400 சிசி பைக்கின் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

தலவாக்கலையில் எனக்கு வேலை பழக்கிய பெரியவர், பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறவரிடம் "என்ன நடந்துச்சு?" என்று முதலில் கேட்கமாட்டார். "எந்த எடத்துல தம்பி?" என்றுதான் கேட்பார். கினிகத்தேனை இறக்கத்திலா, வட்டவளை மழையிலா, நானுஓயாவைத் தாண்டிய பிறகா, இல்லை காலையில் வாசலிலேயேவா? பதில் வரும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்கமாட்டார். மலைநாட்டில் இடத்தைச் சொன்னால் உயரம், குளிர், ஈரம், ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் சொன்னமாதிரிதான். ஒரே பைக் கம்பளையில் ஒரு மாதிரியும் லபுக்கலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். அந்த வித்தியாசமே கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

என்னிடம் இருப்பது ஹோண்டா சிபிஆர் 400 ஆர்ஆர். 1990இல் வந்த வடிவம். 399 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, நான்கு காபரேட்டர். 12,500 ஆர்பிஎம்மில் 59 குதிரைவலு என்பது கம்பெனிக் கணக்கு. விஎஃப்ஆர் 400, எஃப்இசட்ஆர் 400, இசட்எக்ஸ்ஆர் 400 வைத்திருப்பவர்களுக்கும் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி பொருந்தும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு இந்தப் பைக்குகள் கைமாறிக் கைமாறியே ஓடிக்கொண்டிருந்தன. முப்பது வருடப் பழசு, நாலைந்து உரிமையாளர், ஒவ்வொருவரும் பார்த்த கைவேலை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் சோதிக்க வேண்டும்.

தேவையானவை அதிகமில்லை: ஒரு மல்டிமீற்றர், பிளக் ஸ்பேனர், டயர் கேஜ், டோர்ச், ஒரு சிறிய கொப்பி. கொப்பியில் இடம், நேரம், எத்தனையாவது கியர், எத்தனை ஆர்பிஎம், மழையா வெயிலா, பெற்றோல் எவ்வளவு இருந்தது என்று எழுதுங்கள். மறுநாள் ஞாபகத்திலிருந்து சொல்வதில் பாதி தப்பாகத்தான் இருக்கும். சாமான் வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

கீழே நன்றாக ஓடுகிறது, மேலே ஏற ஏற மூச்சு முட்டுகிறது

மலைநாட்டுக்காரர்கள் அதிகம் சொல்லும் குறை இது. அதிகம் தப்பாகப் பார்க்கப்படுவதும் இதுதான்.

கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரியும் பெற்றோலும் குறைய வேண்டும். இன்ஜெக்ஷன் பைக்கில் சென்சர் அதைப் பார்த்துக்கொள்ளும். காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் துளைக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது. நமது பைக்குகளில் இருப்பது வக்கியூமில் ஸ்லைடு தானே எழும் வகை என்பதால் ஓரளவு தானாகச் சரிசெய்துகொள்ளும், முழுதாக அல்ல. ஆகவே றம்பொடைக்கு மேலே கொஞ்சம் சோர்வு தெரிவதும், 59 குதிரை 47 ஆகிவிடுவதும் இயற்கை. அது கோளாறு அல்ல, எந்த மெக்கானிக்காலும் அதைத் திருப்பித் தர முடியாது. ஆனால் பைக் இருமுகிறது, திரொட்டிலைத் திறந்தால் ஒரு வினாடி செத்துப்போய் எழுகிறது, சைலன்சரில் கறுப்புப் புகை வருகிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது.

முதலில் சோக் சோதனை. குளிரில் ஸ்டார்ட் பண்ணக் கூடுதல் பெற்றோல் விடும் பிடிதான் சோக். முரண்டு பிடிக்கும் அதே இடத்தில், அதே ஆர்பிஎம்மில், சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். இன்னும் மோசமானால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. தேறினால் பெற்றோல் போதவில்லை. காசு செலவில்லாத இந்த ஒரு சோதனை, பின்னால் செய்ய வேண்டியதில் பாதியைத் தீர்மானித்துவிடும்.

அடுத்து அங்கேயே நிறுத்தி, இஞ்சின் ஆறியதும் நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று வரிசை மாறாமல் வையுங்கள். நான்கும் ஒரேமாதிரி காய்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் காரணம் உயரம் அல்லது ஏர் ஃபில்டர். ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோட்டத்துப் பாதைத் தூசியும் மழை ஈரமும் சேர்ந்து களிமண் பூசியதுபோல் அடைத்திருக்கும். மூன்று பிளக் நன்றாக இருந்து ஒன்று மட்டும் கறுத்திருந்தால் உயரத்தின்மேல் பழி போடாதீர்கள். உயரம் நான்கு சிலிண்டரையும் ஒன்றாகத்தான் பிடிக்கும். ஒன்றை மட்டும் பிடிப்பது அந்தக் காபரேட்டரின் மிதவை ஊசி (உள்ளே வரும் பெற்றோலை மூடித் திறப்பது), தேய்ந்த நீடில் ஜெட், கிழிந்த டயஃப்ரம் (ஸ்லைடை எழுப்பும் ரப்பர்) அல்லது பிளக்கின்மேல் மாட்டும் கப்.

என் பைக்கை வாங்கிய புதிதில் இரண்டு வார இறுதிகளை இதில் தொலைத்தேன். ஹட்டன்வரை ஒரு குறையும் இல்லை. நுவரெலியா போனால் ஒரு பக்கம் தடுமாறும். காபரேட்டரை இறக்கி, மெயின் ஜெட்டுகளை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, டோர்ச் அடித்து, பித்தளை முகத்தில் குத்தியிருந்த எண்களைப் படித்தேன். முதல் இரண்டில் ஓர் எண், பின் இரண்டில் வேறு எண். சில மாடல்களில் நடு இரண்டுக்கும் ஓர இரண்டுக்கும் கம்பெனியே வெவ்வேறு அளவு போடும். ஆனால் இடப்பக்க இரண்டுக்கு ஒன்று, வலப்பக்க இரண்டுக்கு ஒன்று என்று எந்தக் கம்பெனியும் போடாது. முன்பு வைத்திருந்தவர் யாரோ சைலன்சரை மாற்றியபோது கிடைத்த ஜெட்டுகளைப் போட்டு ஓட்டியிருக்கிறார். கீழே காற்று அடர்த்தியாக இருந்ததால் அது மறைந்து கிடந்தது, மேலே போனதும் வெளியே வந்துவிட்டது. ஒரே அளவில் நான்கு ஜெட் போட்ட அன்று மாலை லிந்துலையிலிருந்து நானுஓயா ஏற்றத்தில் பைக் ஒரே குரலில் பாடிக்கொண்டு ஏறியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஐட்லிங்கில் போகும் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் பைலட் ஸ்க்ரூவைத் திருப்புவதாக இருந்தால், முதலில் அது முழுதாக மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். மெதுவாக மூடுங்கள், இறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். ஹோண்டாவில் உள்நோக்கித் திருப்பினால் பெற்றோல் குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். நுவரெலியாவிலேயே குடியிருந்து அங்கேயே ஓட்டுகிறவர் அந்த உயரத்துக்கு ஏற்றபடி ஜெட்டைக் குறைக்கலாம். மாதம் ஒருமுறையாவது கொழும்புக்கு இறங்குகிறவர் செய்யவே கூடாது. மேலே சரியாக இருக்கும் அளவு கீழே பெற்றோல் பற்றாக்குறையாகி, இஞ்சின் சூடேறி, பிஸ்டனுக்கே ஆபத்தாகும். மேலே கொஞ்சம் சோர்ந்தாலும் பரவாயில்லை, கீழே பத்திரமாக இருக்கட்டும் என்பதுதான் என் முடிவு.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் பைக் தேறவில்லை என்றாலும் இதே வரிசையில் பாருங்கள். ஃபில்டர், பிளக், மிதவை மட்டம், பிறகு ஸ்க்ரூ.

குளிர்காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) எப்படிச் சுற்றுகிறது என்று கேளுங்கள். சோம்பலாகச் சுற்றினால் பற்றரி. இரவு முழுதும் நின்ற பற்றரியில் 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது, அல்லது ஏர்த் வயர் முனையில் பச்சை பூத்திருக்கிறது. முனையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பற்றரி வாங்கப் போங்கள்.

சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால், சோக்கை முழுதாக இழுத்துத் திரொட்டிலைத் தொடாமல் அடியுங்கள். பலர் பழக்கதோஷத்தில் திரொட்டிலை முறுக்குவார்கள். இந்த வகைக் காபரேட்டரில் திரொட்டிலைத் திறந்தால் சோக் உறிஞ்சும் பெற்றோல் குறைந்துவிடும். குளிரில் ஸ்டார்ட் ஆகாத பைக் என்று என்னிடம் கொண்டுவந்த சிலவற்றுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்ததில்லை.

சோக் போட்டால் மட்டும் நிற்காமல் ஓடுகிறது, சோக்கை உள்ளே தள்ளினால் அணைந்துவிடுகிறது என்றால், ஐட்லிங்குக்குப் பெற்றோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. நின்று கிடந்த பைக்கின் அடையாளம் இது. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அந்த 4 லீற்றரை வேலைக்குப் போகும் சின்னப் பைக்குக்கு ஊற்றிவிட்டு, பெரிய பைக்கைச் சாக்கால் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் ஆவியாகி அடியில் பிசினாக மிஞ்சியது. அப்படி ஒரு பைக்கின் மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருளும். புளித்த வார்னிஷ் வாசம் அடிக்கும். பைலட் ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்தால் தலைமுடி அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரித் தெரிந்தால் பாதி அடைப்பு. கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் போச்சு. காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி பாருங்கள். டாங்கின் உள்ளேயும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பாதி காலியாக நின்ற டாங்க் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருக்காது. டாங்கை விட்டுவிட்டுக் காபரேட்டரை மட்டும் கழுவினால் ஒரே மாதத்தில் திரும்பவும் இதே வேலைதான்.

மூடுபனியில் ஓடி ஓடி நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் கிளம்புகிறது

மூன்று காரணம் இருக்கலாம். மூன்றும் சாலையோரத்தில் ஒரேமாதிரித் தெரியும் என்பதால் நிறையப் பேர் இதில்தான் குழம்பிப்போகிறார்கள். நின்றவுடன் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பிரித்துப் பார்க்க முடியும். ஆகவே நின்ற கணத்திலேயே டாங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே பைக் கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றிருக்கிறது. மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடியும் குழாயையும் அப்போதே பாருங்கள். அது அடைத்தால் மழைநீர் பெற்றோலோடு கலந்து இன்னொரு கோளாறு தொடங்கும்.

மூடியைத் திறந்தும் பயனில்லை, ஒரு சிலிண்டரோ இரண்டோ விட்டுவிட்டு அடித்த பிறகு நின்றது, மழையிலோ பனியிலோ மட்டும் நடக்கிறது என்றால் பிளக் கப். வீட்டுக்கு வந்து இருட்டில் இஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்கள்மேல் ஸ்பிரே போத்தலால் தண்ணீர் தூவுங்கள், கையைத் தள்ளியே வையுங்கள். நீலப்பொறி எங்கே ஓடுகிறதோ அங்கேதான் கசிவு. கப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டாலே பல தடவை சரியாகிவிடும். கப்பை மீற்றரில் அளந்தால் சுமார் 5 கிலோஓம் காட்ட வேண்டும். நான்கில் ஒன்று தாறுமாறாகக் காட்டினால் நான்கையும் மாற்றுங்கள்.

மூன்றாவது காரணத்தை நான் சொன்னால் பலர் நம்புவதில்லை: காபரேட்டருக்குள் பனிக்கட்டி. ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெற்றோல் ஆவியாகும்போது தன்னைச் சுற்றிய சூட்டை உறிஞ்சும். குளிர்ந்த ஈரக்காற்று காபரேட்டரின் குறுகிய கழுத்தில் போகும்போது இன்னும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் திரொட்டில் தகட்டின் ஓரத்தில் உறைந்துவிடும். அம்பேவெல பக்கம் நிதானமாக, திரொட்டில் கொஞ்சமே திறந்தபடி பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். சந்தியில் திரொட்டிலை மூடியதும் ஐட்லிங் இறங்கி அணைந்துவிடும். நிற்கும்போது இஞ்சின் சூடு மேலேறிக் கட்டியைக் கரைத்துவிடும், பைக் திரும்ப ஓடும். மெக்கானிக் பார்க்கும்போது சான்று எதுவும் மிஞ்சியிருக்காது. இதற்காக எதையும் கழற்ற வேண்டாம். கிளம்புமுன் இஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஒரு கியர் குறைவாக வைத்து ஆர்பிஎம்மைக் கூட்டி ஓட்டுங்கள். வெயில் ஏறிய பிறகு இது பெரும்பாலும் வராது. வந்தால் மேலே சொன்ன முதல் இரண்டில் ஒன்று.

இரவில் ஹெட்லைட் மங்குகிறது, நிறுத்தினால் செல்ஃப் அடிக்கவில்லை

பற்றரி வாங்க ஓடாதீர்கள். அந்தக் காலத்து ஹோண்டாக்களில், பற்றரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒரு பலவீனமான இடம் என்று உலகம் முழுக்கத் தெரியும். ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது ஃபேன் ஓடும், லைட் எரியும், ஆர்பிஎம் குறைவு, காற்றும் படாது. காற்றுப் படாத ரெகுலேட்டர் இந்த நேரத்தில் சூடேறிவிடும்.

பைக்கை ஓடவிட்டு மீற்றரைப் பற்றரி முனையில் வையுங்கள். 5,000 ஆர்பிஎம்மில் 14க்கும் 14.8க்கும் இடையில் நிற்க வேண்டும். 13க்குக் கீழேயே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் அதைவிட மோசம், பற்றரி கொதிக்கும், இக்னிஷன் பெட்டியும் போகும், அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் இஞ்சினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர் கனெக்டரைக் கழற்றுங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு மஞ்சளையும் பைக்கின் இரும்போடு சோதியுங்கள், தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால், இஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் சுருள் எரிந்துவிட்டது. தொடர்பு இல்லையென்றால் ஓடவிட்டு மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவாக, ஆர்பிஎம் கூடக்கூட ஏற வேண்டும். ஏறினால் ஸ்டேட்டர் நல்லது, குற்றவாளி ரெகுலேட்டர். அல்லது அந்தக் கனெக்டரே.

கனெக்டரை அவசியம் மூக்கருகே கொண்டுபோங்கள். என்னுடையதில் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் டொஃபி மாதிரி பழுப்பாக உருகி, ஒரு மஞ்சள் வயரின் தோல் விறைத்துக் கறுத்திருந்தது. கருகிய மீன்செதில் போன்ற வாசம். அதற்குமுன் புதுப் பற்றரி இரண்டு வாங்கிவிட்டிருந்தேன். உருகிய கனெக்டரை வெட்டி எறிந்து, செப்பு தெரியும்வரை வயரைச் சீவி, நல்ல முனைகளைப் போட்டு இறுக்கிய பிறகு மீற்றர் 14.3 காட்டியது. புது ரெகுலேட்டர் போடுகிறவர்களும் பழைய கனெக்டரில் சொருகாதீர்கள், புதியதும் அதே வழியில்தான் போகும்.

ஏற்றத்தில் சூட்டு முள் ஏறிக்கொண்டே போகிறது

கடுகண்ணாவையில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போகும்போது மட்டும் ஏறி, காற்றுப் பட்டதும் இறங்கினால் ஃபேன் ஓடவில்லை. ரேடியேட்டரில் உள்ள ஃபேன் சுவிட்சின் வயரைக் கழற்றி, சாவி போட்டபடி வயர்முனையை இரும்பில் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் கெட்டது, சுற்றாவிட்டால் ஃபியூஸ் அல்லது ஃபேன் மோட்டார். அவசரத்துக்கு அந்த வயரை அப்படியே ஏர்த்தில் கட்டிவிட்டு ஊர்வந்து சேரலாம்.

வேகமாகப் போனாலும் இறங்காமல் ஏறினால் தெர்மோஸ்டாட், அல்லது உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர், அல்லது குறைந்துபோன கூலண்ட். கொழும்பில் தாங்கிய பைக் நுவரெலியாவில் கூலண்டைக் கக்கினால் மூடியைச் சந்தேகப்படுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ரப்பர் வெடித்த மூடி கீழே எப்படியோ சமாளிக்கும், மேலே சமாளிக்காது. சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறந்துவிடாதீர்கள். முகத்தில் வெந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இறக்கத்தில் பிரேக் லீவர் கைப்பிடிவரை வந்துவிடுகிறது

நேரம் எடுத்து வாசியுங்கள். மற்றக் கோளாறுகள் நம்மைச் சாலையில் நிறுத்திவைக்கும். இந்தக் கோளாறு நிற்கவிடாது. நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் நடந்த விபத்தில் 7 பேர் இறந்தபிறகு அந்த இறக்கத்தில் போகும்போதெல்லாம் என் கை தானாகவே லீவரை ஒருமுறை சோதித்துக்கொள்கிறது.

லீவர் எப்போதுமே பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் காற்று, பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும். காலையில் கல் மாதிரி இருந்து, நீண்ட இறக்கத்துக்குப் பிறகு மட்டும் பஞ்சாகிறது என்றால் பிரேக் ஒயிலில் தண்ணீர். லீவர் கல் மாதிரியே இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டில் ஒயில் பட்டிருக்கிறது அல்லது பேட் கண்ணாடிபோல் பளபளத்துவிட்டது. முன் ஃபோர்க்கில் விரலால் தடவிப் பாருங்கள், ஃபோர்க் ஒயில் கசிந்து டிஸ்க்வரை இறங்கியிருக்கும். அப்படியானால் சீலையும் பேட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒயில் குடித்த பேட்டைக் கழுவி மீட்க முடியாது.

நடுவில் சொன்ன வகைதான் மலைநாட்டில் அதிகம். டொட் 4 பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புள்ளது. புதிதாக இருக்கும்போது 230 பாகைவரை கொதிக்காது என்பது அதன் தரநிலை. ஈரம் குடித்த பிறகு 155 பாகைவரைதான் உத்தரவாதம். ஹட்டனிலிருந்து கித்துல்கலைவரை பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்கினால் கலிப்பரில் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். ஒயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவர் கைக்குள் வந்துவிடும். பைக் வாங்கியதும் பழைய உரிமையாளர் என்ன சொன்னாலும் கேட்காமல் ஒயிலை மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. நம் ஈரத்துக்கு நான் வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். தேன் நிறத்தைத் தாண்டி ஒயில் கறுத்திருந்தால் அந்த ஒரு வருடம்கூடக் காத்திருக்காமல் மாற்றுங்கள்.

ஒயில் புதிது, ஆனாலும் சூடேறுகிறது என்றால் முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றாவது தாராளமாக ஓட வேண்டும். அரைச்சுற்றில் நின்றால் கலிப்பர் பிஸ்டன் அழுக்கேறித் திரும்பாமல் நிற்கிறது, நீங்கள் லீவரை விட்டாலும் பேட் தேய்ந்துகொண்டே வருகிறது.

சாலையில் நடந்துவிட்டால்: லீவரை இரண்டு மூன்று தடவை வேகமாக அடியுங்கள், பின் பிரேக்கைச் சேருங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். நிறுத்திய பிறகு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். அரைமணி நேரம் ஆறவிடுங்கள். இந்த வகைப் பைக் 6,000, 7,000 ஆர்பிஎம்மில் இறங்குவதற்கே படைக்கப்பட்டது. சத்தத்துக்குப் பயந்து மேல் கியரில் இறங்கிப் பிரேக்கை வேகவைப்பவர்களைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. எந்த ஏற்றத்தை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்.

ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் சும்மா ஆட வேண்டும், கேபிள் இழுத்துப் பிடித்திருந்தால் அதை முதலில் தளர்த்துங்கள். அடுத்து என்ன ஒயில் ஊற்றியிருக்கிறது என்று கேளுங்கள். கார் ஒயில் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. போத்தலில் ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஒயிலின் தரக்குறி) என்று போட்டிருப்பதை ஊற்றி நூறு கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிளேட் வாங்கப் போங்கள்.

வளைவில் பைக் சாய மறுக்கிறது, அல்லது திடீரென்று விழுகிறது

கொழும்பிலிருந்து வந்த பைக்குகளில் பின்டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். நேர்ச்சாலையில் தெரியாது, றம்பொடை வளைவுகளில் ஒரு விளிம்பின்மேல் ஏறி விழுவதுபோல் இருக்கும். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் வயதான டயர் ஈரத் தார்மேல் பிடிக்காது. விஎஃப்ஆர் 400 வாங்க நினைப்பவர்கள் அதன் பின்சக்கரம் 18 அங்குலம் என்பதை ஞாபகம் வையுங்கள், அந்த அளவில் டயர் தேடுவது ஒரு தனி வேலை. சிபிஆரில் 17 அங்குலம்.

கீழே காற்றடித்துவிட்டு மேலே வந்து கேஜ் வைத்தால் கூடக் காட்டுமே, இறக்கவேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் கூடுவதும் குளிரால் குறைவதும் ஏறத்தாழ சரிக்கட்டிவிடும். ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள அளவை, டயர் ஆறியிருக்கும்போது, வாரம் ஒருமுறை பாருங்கள்.

டயர் நல்லது, ஆனால் ஹேண்டில் நேராக வரும்போது ஏதோ பள்ளத்தில் உட்காருவதுபோல் இருக்கிறது என்றால் முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு விரலால் ஹேண்டிலை இடம் வலமாக நகர்த்துங்கள். நடுவில் "டக்" என்று நின்றால் ஸ்டியரிங் பேரிங் தேய்ந்துவிட்டது. பைக் வாங்கப் போகும்போதும் இதைச் செய்யுங்கள். அப்படியே குனிந்து, அந்த இடத்தில் குத்தியிருக்கும் சேசி எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தேய்த்துக் குத்தியதுபோல் இருந்தாலோ, ஓப்பன் பேப்பர்தான், பெயர் மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம் என்றாலோ, பைக் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கியர் போட்டவுடன் அணைந்துவிடுகிறது

சைட் ஸ்டாண்ட் சுவிட்ச். தோட்டத்துப் பாதையில் போய்வந்தால் சேறு ஏறிவிடும். கழுவி, காற்றடித்து, ஸ்டாண்டைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். சுவிட்ச் வயரை நேரடியாக இணைத்து ஓட்டச் சொல்வார்கள். ஸ்டாண்ட் கீழே கிடந்தபடி இடப்பக்க வளைவில் சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இஞ்சின் ஒயில் மட்டம் தானாக ஏறியிருக்கிறது

ஒயில் குறைவதைப் பார்க்கிற நாம் ஏறுவதைக் கவனிப்பதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெற்றோல் வாசம் வந்தால் சாவியைக்கூடப் போடாதீர்கள். மிதவை ஊசி சரியாக மூடாமல், இரவில் பெற்றோல் சிலிண்டர் வழியாக ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது. சிலிண்டரில் பெற்றோல் நிரம்பியபடி செல்ஃப் அடித்தால் கொனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

இந்த வகைப் பைக்குகள் பலவற்றில் பெற்றோல் டெப் இஞ்சின் வக்கியூமில் திறக்கும், நிறுத்தினால் தானே மூடும். அது மூடியிருந்தால் ஊசி கசிந்தாலும் இவ்வளவு இறங்கியிருக்காது, ஆகவே இரண்டும் கெட்டிருக்கின்றன. டெப்பிலிருந்து வரும் பெரிய குழாயைக் கழற்றி ஒரு போத்தலில் விடுங்கள். இஞ்சின் ஓடாதபோது சொட்டினால் டெப். மெல்லிய வக்கியூம் குழாயைக் கழற்றிப் பாருங்கள், அதில் பெற்றோல் ஈரம் இருந்தால் உள்ளேயுள்ள டயஃப்ரம் கிழிந்துவிட்டது. டெப்பைச் சரிசெய்து, நான்கு மிதவை ஊசியையும் மாற்றி, பிளக்குகளைக் கழற்றிய நிலையில் செல்ஃப் அடித்து உள்ளே நிற்பதை வெளியேற்றுங்கள். அப்போது பக்கத்தில் பொறியோ சிகரெட்டோ வேண்டாம், பிளக் வயர்களையும் துளைகளுக்கு எட்டாமல் ஏர்த் செய்து வையுங்கள். பிறகு ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணுமுன் ஒயில் மட்டத்தைப் பார்த்து, கொப்பியில் எழுதி, ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் பாருங்கள்.